பாடம் முடிஞ்சுது டீச்சர்

அவரை எனக்கு முதலில் கால்களாகத்தான் தெரியும். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோகும் நாட்களில் முதல் மாடிக் கதவைத் திறந்து வைத்து, குறுக்கே ஒரு மஞ்சள் தடுப்பை நிறுத்தியிருப்பார்கள். அந்தத் திறப்பின் மேல்பகுதியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்கிற இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். கிரீஸ் படிந்து, நாடா ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பழுப்பு. அவ்வளவுதான் ஆள். நான் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்று, "எப்பய்யா சரியாகும்?" என்று அந்த பூட்ஸைப் பார்த்துக் கத்துவேன். "அஞ்சு நிமிஷம்மா" என்று மேலேயிருந்து பதில் வரும். அரை மணி கழித்துக் கேட்டாலும் அதே அஞ்சு நிமிஷம்தான்.

குரலில் சலிப்பு இருக்காது, எரிச்சல் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். ஒருத்தி இந்தக் கத்து கத்துகிறாளே, பதிலுக்கு ஒரு வார்த்தை சுள்ளென்று சொல்ல வேண்டாமா மனுஷன்? எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே அஞ்சு நிமிஷம் என்று ஆகிவிட்டது. "லிஃப்ட் ஓடலையா? அஞ்சு நிமிஷத்தைக் கூப்பிடுங்க" என்பார் காவலாளி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பது ஊருக்கே தெரியும். ஒரு தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை என்னுடையது. பேருந்து அட்டை, மாற்றுச் சான்றிதழ், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் என்னிடம்தான் வந்து நிற்கும். போன வருஷம் அதோடு ஒரு மொபைல் ஆப்பும் வந்து சேர்ந்தது.

தலைமையாசிரியை எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல் திரிந்தார். "இனிமே டீச்சருக்கும் பேரண்ட்ஸுக்கும் நடுவுல இடைவெளிங்கிற பேச்சே இருக்காது" என்றார். ஆப் கம்பெனியிலிருந்து வந்த பையன் என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போனான். காலையில் டீச்சர் வருகை போட்டதும், உங்கள் பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டார் என்று வீட்டுக்குச் செய்தி போகும். மாலையில் பாடம் போகும்: 'இன்றைய வாசிப்பு இந்தப் பக்கம். வீட்டில் வாசிக்கச் செய்து தெரிவிக்கவும்.' ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அந்தந்த வகுப்பு டீச்சரின் சிரித்த முகம். ஆனால் டீச்சர் யாரும் எதையும் எழுதுவதில்லை. எல்லாம் தானாகப் போகும்.

"பெத்தவங்க பதில் போட்டா எங்கப்பா வரும்?" என்று நான் கேட்டேன்.

"அது டீச்சருங்களுக்குப் போகாது, உங்க லேப்டாப்ல ஒரு இன்பாக்ஸ்ல போய் விழும் மேடம். அதையெல்லாம் பார்த்துட்டு இருக்காதீங்க. வெறும் கட்டைவிரல் படம்தான் வரும்."

உண்மைதான். முதல் நாள் காலையில் ஒரு தடவை திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கட்டைவிரல். எங்கள் பள்ளிப் பெற்றோருக்குப் பத்து விரல் இருப்பதே மறந்துபோய்விட்டதோ என்று தோன்றியது. அதோடு மூடியவள்தான். மாதா மாதம் நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை போகும், செய்திகள் சென்று சேர்ந்தது நூற்றுக்கு நூறு என்று. போனதற்குத்தான் கணக்கு. திரும்பி வந்ததைப் பற்றி ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

இனி, இரண்டாம் வகுப்பு டீச்சர். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மதியம் ஒன்றாகத்தான் டப்பாவைத் திறப்போம். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுப்பாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, பாதி நாள் சுக்குத் தண்ணீரும் கையுமாக இருப்பாள். அப்படிப்பட்டவளையே ஒரு பெண் குழந்தை அந்த வருஷம் முழுக்க ஆட்டிப் படைத்தது.

"வாயைத் தொறக்க மாட்டேங்குறாடி" என்று டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் புலம்புவாள். "எழுந்து வாசின்னு சொன்னா எழுந்துக்குறா. புக்கைப் பார்க்குறா. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. திட்டினா இன்னும் பெருசா சிரிக்குறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

"எழுதுறாளா?"

"எழுதுறா. பக்கத்துல உக்காந்திருக்கறவளைப் பார்த்துத்தான் எழுதுறாளோ என்னவோ. அந்தப் பக்கத்து சீட்டுப் பொண்ணு காதுல மட்டும் குசுகுசுன்னு ஏதோ பேசுவா. நான் அவ குரலையே கேட்டதில்ல."

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டாள். அப்பாவின் நம்பர்தான் பதிவில் இருக்கிறதாம். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. தினமும் செய்தி போகிறது. ஒரு பதிலுக்கு வழியில்லை. "கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு. வீட்டுல கண்டுக்காத பிள்ளை, வேற என்ன" என்றாள். கோபமாகச் சொன்னாளே தவிர, கண் கலங்கியிருந்தது.

வருஷக் கடைசியில் அந்த முடிவு வந்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேலே அனுப்பி அங்கே முழிக்க வைப்பதைவிட, இன்னொரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் மூன்றாம் வகுப்பு இருக்கிற மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். குசுகுசுவென்று பேசுவதற்கு இருந்த அந்த ஒரே தோழியும் போய்விடுவாள். இவள் மட்டும் கீழே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. அப்பா ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான தாளை டைப் அடித்தவள் நான்தான். அடிக்கும்போது, எந்த மகராசன் இந்த அப்பன், வரட்டும் இங்கே, என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வந்தார். மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தலைமையாசிரியையும் டீச்சரும் நானும் காத்திருந்த அறையின் வாசலில் நின்றார். "மன்னிச்சுக்குங்க மேடம். ஒரு லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷம் லேட்டாயிடுச்சு."

அந்தக் குரலைக் கேட்டதும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தேன். ஒரு பக்கம் கருப்பு நாடா, ஒரு பக்கம் பழுப்பு. அட, நம்ம அஞ்சு நிமிஷம்! மேலே பார்த்தால், நான் நினைத்து வைத்திருந்ததற்குக் கொஞ்சமும் பொருந்தாத ஓர் ஆள். குச்சி போல் உடம்பு, முன்வழுக்கை, எதற்கோ சிரிக்கக் காத்திருக்கிற மாதிரி ஒரு வாய்.

அவரைப் பற்றி இப்போது எனக்கு நிறையத் தெரியும். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கருவிப் பெட்டி தூக்குகிற ஆளாக ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தவர். ரோப்பில் கை வைத்தாலே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். பல நாள் கோளாறு எங்கே என்று தெரியாமல் மண்டை காய்ந்து உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், முதலில் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் மூன்றாம் மாடித் தாத்தா ஒரு தடவை உள்ளே மாட்டிக்கொண்டு, நெஞ்சு அடைக்குது என்று கத்தினார். இவர் வெளியிலிருந்து, "ஐயா, நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்றார். தாத்தா விளையாட்டைத் திட்ட ஆரம்பித்து, நெஞ்சை மறந்தே போனார். கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்குத் துணி தைக்கும் ஆலையில் வேலை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் பள்ளியில் அப்பா நம்பர். அப்பாவோ பாதி நாள் லிஃப்ட் குழிக்குள். அங்கே எந்த டவரும் எட்டிப் பார்க்காது. மாலையில் பள்ளி வேன் மகளை ஓர் அலுவலகக் கட்டிடத்தின் வாசலில் இறக்கிவிடும். அங்கேதான் அவருக்கு அன்றாட வேலை. வேலை முடிந்து, அம்மா வந்து சேரும்வரை அப்பாவும் மகளும் அங்கேயே இருப்பார்கள். இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது.

தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டியதும், உட்காரும் முன் பையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார், நாற்காலி அழுக்காகிவிடுமாம். உட்கார்ந்ததும் இரண்டாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து, ரொம்ப நாள் பழகிய ஆளைப் போல் முகம் மலர்ந்தார்.

"டீச்சர், தொண்டை இப்ப தேவலையா? கட்டிப்போச்சுன்னு பாப்பா சொன்னா. வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிங்கன்னு சொன்னேனே, செஞ்சீங்களா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "எங்கிட்டயா? எப்போ சொன்னீங்க?"

தலைமையாசிரியைக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். உங்கள் மகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருக்கட்டும், கையெழுத்துப் போடுங்கள். அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பாப்பாவுக்கா? வாசிக்கத் தெரியாதா? என்ன டீச்சர், விளையாடுறீங்களா?"

"யாருங்க விளையாடுறது?" டீச்சருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வருஷம் பூரா ஒரு வரி வாசிச்சதில்ல உங்க பொண்ணு. கூப்பிட்டா நீங்க வர்றதில்ல. தினமும் மெசேஜ் போகுது, வீட்டுலேருந்து ஒரு பதில் உண்டா?"

"தினமும் அனுப்புறேனே டீச்சர்." அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "நீங்கதானே வாசிக்கச் செய்து தெரிவிக்கவும்னு போடுறீங்க? தெரிவிச்சுட்டுத்தானே இருக்கேன்."

போனை எடுத்து நீட்டினார். டீச்சரின் சிரித்த முகத்துக்குக் கீழே வரிசையாகக் குரல் பதிவுகள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் என் மேஜையிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்பாக்ஸின் பாஸ்வேர்ட் மறந்துபோய், மூன்று தடவை தப்பாக அடித்து, எப்படியோ திறந்தேன். கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். அவற்றுக்கு நடுவில், மாலைக்கு ஒன்றாக, அவருடைய பதிவுகள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

கடைசியாக வந்ததைத் தட்டினேன்.

முதலில் ஒரு மணி ஓசை, லிஃப்ட் கதவு நகரும் சத்தம். பிறகு ஒரு குழந்தைக் குரல். மழையைத் தேடிப் போன தவளையின் கதை. ஒரு எழுத்து தடுக்கவில்லை. கேள்வி வரும் இடத்தில் குரல் ஏறியது, தவளை அழும் இடத்தில் தழைந்தது. நாலு பக்கமும் இரும்புச் சுவர் என்பதால், ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. நடுவில் பின்னாலிருந்து யாரோ தவளை போலக் கத்த, குழந்தை களுக்கென்று சிரித்து, "அப்பா, சும்மா இருங்கப்பா" என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தது. முடித்ததும், "பாடம் முடிஞ்சுது டீச்சர்" என்றது. அப்புறம் அவர் குரல்: "இன்னிக்குக் கொஞ்சம் வேகமா படிச்சுட்டா டீச்சர், பசி. நாளைக்கு நிதானமா படிப்பா. நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க."

"வீட்டுல பக்கத்து வீட்டு டிவி, மேல மிக்ஸி, ஒரே சத்தம்" என்றார் அவர், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல. "அதான், ஆபீஸ் விட்டதும் ஒரு லிஃப்டைத் தரையில நிறுத்தி, கதவைத் தொறந்து வச்சு, உள்ள உக்கார வச்சுப் படிக்கச் சொல்வேன். நான் வாசல்ல இருப்பேன். நாலு பேர் முன்னாடின்னா அவளுக்கு வாய் வராது மேடம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அதையும் முதல் நாளே அனுப்பியிருந்தேனே."

நான் இன்னொன்றைத் தட்டினேன். இன்னொன்று. பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டதால் திரும்பிப் போக வேண்டியதாயிற்று என்று அவர் மன்னிப்புக் கேட்ட பதிவு இருந்தது. விடுமுறை நாளில் அம்மாவும் வந்து, "நானும் இன்னிக்குக் கேட்டேன் டீச்சர், நல்லாத்தான் படிக்குறா" என்று வெட்கத்தோடு சொன்ன பதிவு இருந்தது. எல்லாவற்றிலும் அந்தக் குழந்தை வாசித்துக்கொண்டே இருந்தது. வருஷத்தின் ஆரம்பத்தில் தட்டுத் தடுமாறி, எழுத்துக் கூட்டி. போகப் போக ஓட்டமாக.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இதுவா அவ குரல்?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கும் விளங்கியது. லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ இதையெல்லாம் யாருமே கேக்கலையா மேடம்?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அறையை இரண்டாக்கியிருப்பேன். மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், ஒரே ஒரு உதவி. கையெழுத்து வேணும்னா போடுறேன். பாப்பாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க."

"எதைச் சொல்லக்கூடாது?"

"நீங்க கேக்கலைங்கிறதை." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தினமும் அனுப்பினதும், டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேப்பா. உங்க பதில் வராது. அத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவங்களுக்கு ஏது நேரம்னு நினைச்சுக்குவேன். அதனால நானே ஏதாவது சொல்லிடுவேன். ரொம்ப நல்லா படிச்சியாம், டீச்சருக்குச் சந்தோஷமாம். ஒரு நாளு, உன் குரலைக் கேட்டாத்தான் டீச்சருக்குத் தூக்கமே வருதாம்னு சொல்லிட்டேன். கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன், மன்னிச்சுக்குங்க."

"நான் க்ளாஸ்ல அவளைத் திட்டுறதைச் சொல்லலையா அவ?"

"சொல்வாளே. வந்து சிரிப்பா. 'நான் படிக்கிறது டீச்சருக்குத் தெரியும்ப்பா, க்ளாஸ்ல மட்டும் தெரியாத மாதிரி நடிக்கிறாங்க. நானும் நடிச்சேன்'னு சொல்வா. ஏதோ உங்க ரெண்டு பேருக்குள்ள விளையாட்டுன்னு நானும் விட்டுட்டேன்."

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள். முதுகு குலுங்கியது. வருஷம் முழுக்கத் திமிர் என்று நினைத்த சிரிப்பு அது. அந்தக் குழந்தைக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. தலைமையாசிரியை மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "மூணாம் வகுப்புக்குப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த லேப்டாப்பை வாங்கி, தவளைக் கதையை மறுபடி முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, அவளே கதவைத் திறந்து குழந்தையை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். இரட்டைச் சடை, முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்பாவின் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. அவர் தலையைக் குனிந்தபடி விரித்த செய்தித்தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

டீச்சர் அதன் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து தவளைக் கதை படிச்சியே, நடுவுல எதுக்குச் சிரிச்சே?"

குழந்தை அப்பாவை நிமிர்ந்து பார்த்தது. அவர் தலை நிமிரவில்லை. டீச்சரைப் பார்த்தது. வாய் திறந்து மூடியது.

"அப்பா தப்பா கத்தினாரு டீச்சர்" என்றது, மெல்ல. "தவளை அப்படிக் கத்தாது."

"ஆமாண்டா கண்ணு, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீ ஒண்ணும் தப்பா படிக்கல. எல்லாமே ரொம்ப நல்லா இருந்துச்சு."

குழந்தை தலையை ஆட்டியது. அது புதுச் செய்தியில்லை, தினமும் கேட்டதுதான் என்பது போல. பிறகு டீச்சரின் ஈரமான கண்ணைக் கவனித்துவிட்டு, ஒரு விரலால் அவள் கன்னத்தைத் தொட்டு, ரகசியம் கேட்பது போல் குனிந்து கேட்டது:

"டீச்சர், இனிமே நாம நடிக்க வேணாமா?"